வெற்றிடப் பம்பியின் ஓசை: பழைய டீசல் எஞ்சினும் ஊவா மலைப்பாதையும்

ஊவாவின் மலைப்பாதைகளில் ஓடும் ஊர்திகளுட் பல முதுமை எய்தியவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் ஊர்திகளைப் பொறுத்தவரை 2025 இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருபது, முப்பது ஆண்டு கண்ட டீசல் கார்களும் வான்களும் பழுதுபார்க்கப்பட்டுத் தொடர்ந்து ஓடலாயின. தோட்டத்து லயத்திலிருந்து நோயாளியைப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பதும் பல வேளைகளில் இத்தகைய வானேயாகும். இவற்றில் எழும் ஓசைகளுள் ஒன்றான வெற்றிடப் பம்பியின் ஓசையை ஈண்டு ஆராய்வோம். கராஜ்களில் இதனை வெக்கம் பம்ப் என்பர்.

பெற்றோல் எஞ்சினிலே உட்செல்லும் வளியைக் கட்டுப்படுத்தும் தகடு ஒன்று உண்டு. அதன் பின்னால் தோன்றும் குறையமுக்கத்தைப் பிரேக் பூஸ்டர் பயன்படுத்திக்கொள்ளும். பழைய டீசல் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் வளி தடையின்றி உட்புகும். ஆற்றலை நிர்ணயிப்பது எரிபொருளின் அளவே. ஆதலின் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தனியொரு பம்பி உண்டாக்க வேண்டியுள்ளது. இப்பம்பி செயலிழந்தாற் பிரேக் முற்றாக அற்றுப்போவதில்லை. ஆயினும் மிதியைப் பன்மடங்கு விசையுடன் அழுத்த நேரிடும். அப்புத்தளையிலிருந்து பெரகலை, கொஸ்லந்தை வழியாக வெல்லவாய நோக்கி ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கும் பாதையில் இதன் பொருள் யாதென்பதை விளக்க வேண்டியதில்லை.

யப்பானிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் இப்பம்பி ஒல்டனேட்டரின் பின்புறத்தே பொருத்தப்பட்டு, அதன் தண்டினாலேயே சுழற்றப்படுகின்றது. உள்ளே மையம் விலகி அமைந்த சுழலி ஒன்றும், அதன் பிளவுகளில் வழுக்கி இயங்கும் அலகுகளும் உள்ளன. சுழற்சியினால் அலகுகள் வெளித்தள்ளப்பட்டுச் சுவரை உரசியவாறு வளியை அகற்றும். எஞ்சினிலிருந்து சிறு குழாய் வழியே வரும் எண்ணெய் உராய்வைத் தணிப்பதோடு இடைவெளிகளை அடைக்கவும் செய்கின்றது. மற்றொரு குழாய் வழியே அது எஞ்சினுக்குத் திரும்புகின்றது.

இவ்வமைப்பை அறிந்தால் ஓசையின் காரணங்கள் தாமே புலப்படும். எண்ணெய் குறைந்தாலோ, வரும் குழாய் கசடினால் அடைபட்டாலோ அலகுகள் வறண்டு கடகடக்கும். திரும்பும் குழாய் மடங்கினால் எண்ணெய் உள்ளே தேங்கித் தட்டும் ஓசை எழும். போதிகை தேய்ந்தால் வேகத்தோடு ஏறும் உறுமல் கேட்கும். பட்டி தளர்ந்தால் கீச்சொலி தோன்றும். பூஸ்டரின் மென்சவ்வோ இறப்பர்க் குழாயோ கிழிந்திருப்பின், பம்பி ஓயாது வளியை இழுத்து இரையும். இவ்விறுதி வகையிற் பம்பியை மாற்றுவது வீண் செலவாகும்.

எனவே சோதனையை எளியதிலிருந்து தொடங்குதல் நன்று. முதலில் எண்ணெயின் அளவையும் தன்மையையும் பார்த்தல் வேண்டும். அடுத்து, நீண்ட திருப்புளியின் நுனியைப் பம்பியின் உடலில் ஊன்றி, பிடியைக் காதருகே வைத்துக் கேட்கலாம். பட்டிக்கும் விசிறிக்கும் விலகி நிற்றல் இன்றியமையாதது. பின்னர் எஞ்சின் குளிர்ந்திருக்கையிற் பட்டியைக் கழற்றி, அரை நிமிடத்துக்கு மேற்படாது இயக்கிப் பார்க்கலாம். ஓசை அற்றுப்போனாற் பட்டியினால் இயங்கும் உறுப்புகளில் ஒன்றே காரணம். எஞ்சினை நிறுத்தியபின் ஒவ்வொரு கப்பியையும் கையாற் சுழற்றிச் சொரசொரப்பை உணரலாம்.

வெற்றிடமானியைப் பொருத்தி அளக்கும்போது எம் மலைநாட்டவர் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கடல்மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம்; ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையில் அது 700 அளவினது; 1,430 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் 640 அளவினதே. எந்தப் பம்பியும் தன்னைச் சூழ்ந்த அமுக்கத்தை விஞ்சிய வெற்றிடத்தை ஆக்க இயலாது. ஆகவே கைந்நூல் 700 எனக் கூறின், அப்புத்தளையில் 580 காட்டும் பம்பி நல்ல பம்பியே. 120 ஐக் கழித்தே தீர்ப்புக் கூறல் வேண்டும். பூஸ்டர் தரக்கூடிய மிகக்கூடிய உதவியும் உயரத்தில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறையும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

மானி இல்லாதார்க்கும் ஒரு வழி உண்டு. எஞ்சினை நிறுத்தி, மிதி கடினமாகும்வரை பலமுறை அழுத்தி, காலை எடுக்காமல் எஞ்சினை இயக்குக. மிதி சற்றே கீழிறங்கினாற் பூஸ்டர் வேலை செய்கின்றது. இறங்காவிடின் அவ்வூர்தி மலையிறங்கத் தக்கதன்று. எரிபொருளை மிச்சப்படுத்த எஞ்சினை நிறுத்தி இறக்கத்தில் உருளவிடும் வழக்கமும் இதனாற் கேடானது. எஞ்சின் நின்றாற் பம்பியும் நிற்கும். சேமித்த வெற்றிடம் சில அழுத்தங்களுக்கே போதும்.

பழைய மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் எஞ்சின்கள் சிலவற்றிற் பம்பி எஞ்சினின் முன்புறத்தே அமைந்துள்ளது. அங்கே போதிகை உடைந்தால் அதன் துண்டுகள் நேரச் சங்கிலியுள் விழுந்து எஞ்சினையே அழிக்கக்கூடும். அத்தகைய காரில் ஓசையைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுதல் தகாது.

ஓசை தானாகவே நின்றுவிட்டதெனின் மகிழ்வதற்கில்லை. அலகுகள் கசடிற் சிக்குண்டு வெளிவராதபோதும் பம்பி மௌனமாகும். அப்போது வெற்றிடமும் இராது. ஆதலின் பழுது நீங்கிற்றா என்பதைச் செவியினால் மட்டும் தீர்மானியாது, மேற்கூறிய மிதிச் சோதனையைக் கராஜ் முற்றத்திலேயே செய்து பார்த்தபின் மலையிறங்குதலே முறையாகும்.