கலாசாலை வீடு தேடி வருகிறது!

எங்கள் அடுத்த வீட்டில் இரவு பதினொரு மணிக்கும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. ஒரு மாத காலமாக! காதில் குமிழை மாட்டிக்கொண்டு, செல்போனும் கையுமாக அந்த வீட்டு அம்மாள் எதையோ பார்த்துக்கொண்டேயிருப்பாள். "தொடர் நாடகப் பைத்தியம் போலிருக்கிறது" என்று நானும் என் மனைவியும் தீர்ப்புக் கூறிவிட்டோம்.

ஒரு நாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது கேட்டே விட்டேன்.

"என்ன அம்மா, அப்படி என்ன நாடகம் அது? கதாநாயகி இன்னுமா அழுது முடிக்கவில்லை?"

"நாடகமா? புள்ளியியல், மாமா! ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. அழுகிறவள் கதாநாயகி இல்லை, நான்தான்!"

அப்புறம்தான் விஷயம் வெளிவந்தது. பிளஸ் டூ முடித்த வருஷமே கல்யாணம். பிறகு குழந்தைகள், மாமியாருக்கு வைத்தியம், வீட்டுக் கடன் என்று 22 வருஷம் ஓடிவிட்டது. பெரிய பையன் காலேஜில் சேர்ந்த பிறகு, தானும் ஒரு பட்டம் வாங்கவேண்டும் என்ற பழைய ஆசை தலைதூக்கியிருக்கிறது. சேர்ந்திருப்பது எங்கே தெரியுமோ? சென்னை ஐ.ஐ.டி.யில்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கிண்டி வாசலுக்குள் நுழைவதற்காகப் பிள்ளைகள் எத்தனை வருஷம் ஊண் உறக்கமில்லாமல் படிக்கிறார்கள்! அந்த ஐ.ஐ.டி. எங்கள் தெருவுக்கு எப்படி வந்தது?

தாத்தா காலத்து வழக்கம்

நேரில் போகாமல் பட்டம் வாங்குவது நேற்று முளைத்த வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை சர்வகலாசாலை 1857-ல் பிறந்தபோது அதன் வேலை பாடம் சொல்லிக் கொடுப்பது அல்ல. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பதுதான். லண்டன் சர்வகலாசாலையைப் பார்த்து அமைத்தது அது. லண்டனோ மறு வருஷமே, 1858-ல், ஒரு படி மேலே போயிற்று. "எந்தக் கலாசாலையில் படித்தாய் என்று கேட்கமாட்டோம், பரீட்சையில் தேறினால் பட்டம்" என்று சொல்லிவிட்டது. 1878-ல் பெண்களுக்கும் பட்டங்களைத் திறந்துவிட்டது. இலங்கையில் 1942-ல் சொந்த சர்வகலாசாலை ஏற்படும் வரையில், கொழும்பு யூனிவர்சிடி காலேஜில் படித்தவர்கள் எழுதியதும் லண்டன் பரீட்சையைத்தான்.

நம் நாட்டில் 1962-ல் டில்லி சர்வகலாசாலை தபால் மூலம் பாடம் நடத்தத் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா, சிறைக் கைதியாக இருந்துகொண்டே, தபால் வழிக் கல்விக்குப் பேர்போன தென்னாப்பிரிக்க சர்வகலாசாலையில் 1989-ல் சட்டப் பட்டம் பெற்றார். கம்பிக் கதவு தடுக்காத படிப்பை வேறு எந்தக் கதவு தடுக்கப் போகிறது?

தபால்காரர் செய்த வேலையை இன்றைக்கு இணையம் செய்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். தபால் படிப்பு என்றால் "அசல் பட்டம்தானா?" என்று முகத்தைச் சுளிக்கும் பழக்கம் இருந்தது. இப்போது அந்தச் சுளிப்பைப் போக்கப் புறப்பட்டிருப்பவை பேர்பெற்ற பழைய கலாசாலைகளே!

ஜில் வாட்ஸன் யார்?

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து ஜார்ஜியா டெக் 1885-ல் ஏற்பட்ட கலாசாலை. 2014 ஜனவரியில் அது கம்ப்யூட்டர் விஞ்ஞான எம்.எஸ். படிப்பு முழுவதையும் இணையத்தில் நடத்த ஆரம்பித்தது. ஆரம்பத்தில் மொத்தக் கட்டணம் 7,000 டாலருக்குள் இருந்தது. வெளி மாநிலத்தார் நேரில் போய்ப் படித்தால் ஆகிற செலவு இதைப்போல் பல மடங்கு. முதலில் சேர்ந்தவர்கள் சில நூறு பேர். பிற்பாடு ஒரே சமயத்தில் பதினாயிரம் பேருக்கு மேல் படிக்கும்படி ஆயிற்று. பட்டச் சான்றிதழில் "இணைய வழி" என்ற அடைமொழி கிடையாது. வகுப்பில் உட்கார்ந்து படித்தவருக்கும் வீட்டில் உட்கார்ந்து படித்தவருக்கும் ஒரே காகிதம்தான்.

அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. மாணவர்கள் இத்தனை பேர் என்றால் சந்தேகங்கள் எத்தனை இருக்கும்! அசோக் கோயல் என்ற பேராசிரியருக்கு 2016-ல் உதவியாளர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஜில் வாட்ஸன் என்ற ஒருத்தி கேள்விகளுக்குச் சட்டுச் சட்டென்று பதில் எழுதினாள். பருவம் முடிகிற சமயத்தில் குட்டு வெளிப்பட்டது: ஜில் வாட்ஸன் மனுஷியே அல்ல; கம்ப்யூட்டர்! மாணவர்கள் அசந்து போனார்கள்.

கிண்டி வாசல் திறந்தது

1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஆரம்பமான சென்னை ஐ.ஐ.டி., 2020 ஜூன் மாதம் தன் இணையப் படிப்பை அறிவித்தது. டேட்டா ஸயன்ஸ், அதாவது விவரங்களைத் திரட்டி ஆராய்ந்து முடிவு காணும் சாஸ்திரம். 2023-ல் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பும் சேர்ந்துகொண்டது.

டேட்டா ஸயன்ஸ் படிப்பில் சேர ஜே.இ.இ. பரீட்சை அவசியமில்லை. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் சரி, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். வயது வரம்பும் இல்லை. நாலு வாரம் பாடம் அனுப்புகிறார்கள். வாரா வாரம் வீட்டுக் கணக்கு. பிறகு தகுதிப் பரீட்சை. அதில் தேறினால் இடம் உண்டு. "இடம் நிரம்பிவிட்டது" என்ற பேச்சு இல்லை. ஏழைக் குடும்பத்தாருக்குக் கட்டணத்தில் 75 சதவிகிதம் வரை சலுகை உண்டு. நடுவில் நிறுத்த நேர்ந்தாலும், முடித்த படிக்கு ஏற்ப சான்றிதழோ, டிப்ளமாவோ, பி.எஸ்ஸி.யோ வாங்கிக்கொண்டு வரலாம். முழுவதும் முடித்தால் பி.எஸ். பட்டம்.

"அப்படியானால் சுலபம்தான்" என்கிறீர்களா? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பாடம் வீடு தேடி வரும், பரீட்சை வராது. பரீட்சைக் கூடத்துக்கு நேரில் போய், கண்காணிப்பாளர் எதிரில் உட்கார்ந்துதான் எழுதவேண்டும். வாசல் அகலம், வெளியேறுகிற வழி குறுகல். ஒரு பட்டத்துக்கு மதிப்பு உண்டாவது உள்ளே நுழைவதில் அல்ல, தேறி வெளியே வருவதில்தான்.

பெயரை வாடகைக்கு விட்டால்?

பழைய கலாசாலையின் பெரிய சொத்து கட்டிடமும் அல்ல, மரமும் அல்ல, பெயர்தான். அதைக் காசாக்கும் ஆசை யாரை விட்டது? அமெரிக்காவில் புகழ்பெற்ற சர்வகலாசாலைகள் பல, இணையப் படிப்பை நடத்தும் பொறுப்பை வெளிக் கம்பெனிகளிடம் ஒப்படைத்தன. மாணவர் கட்டும் பணத்தில் பாதிக்கு மேலேகூடக் கம்பெனிக்குப் போனதுண்டு. 1636-ல் தோன்றிய ஹார்வர்டும், எம்.ஐ.டி.யும் சேர்ந்து, யாவருக்கும் கல்வி என்று 2012-ல் எட்எக்ஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கின. 2021-ல் அதை 80 கோடி டாலருக்கு டூயூ என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டன. வாங்கிய கம்பெனி 2024 ஜூலையில் திவால் மனுப் போட்டது!

நம் நாட்டில் ஐ.ஐ.டி.கள் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. மற்ற சர்வகலாசாலைகளுக்கு யூ.ஜி.சி. 2020-ல் விதிகள் வகுத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற இணையப் பட்டம் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம். ஆனால் சர்வகலாசாலை தன் பெயரை வேறொருவருக்குக் குத்தகைக்கு விடக்கூடாது. பி.இ., எம்.பி.பி.எஸ்., நர்ஸிங் போன்ற பட்டங்களை இணையத்தில் தரக்கூடாது. ஆகவே, "வீட்டிலேயே பட்டம், பரீட்சைக் கவலை வேண்டாம்" என்று எந்தத் தரகராவது தேன் ஒழுகப் பேசினால், பணப்பையை மூடி வைத்துக்கொண்டு, யூ.ஜி.சி.யின் இணையப் பக்கத்தில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மறுபடியும் விளக்கு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுத்த வீட்டு அம்மாள் பரீட்சைக்குப் போனாள். வாசலில் காவலாளி மறித்தாராம். "அம்மா, பெற்றோர்கள் எல்லாம் வெளியிலேயே இருக்கணும்."

"நான் பெற்றோர்தான், ஐயா. ஆனால் பரீட்சையும் நான்தான் எழுதணும்!" என்று அனுமதிச் சீட்டை நீட்டினாளாம்.

முடிவு வந்த அன்று விசாரித்தேன். கணிதத்தில் தேறிவிட்டாள், புள்ளியியல் காலை வாரிவிட்டது.

"வருத்தமாக இல்லையா, அம்மா?"

"நாலு நாள் இருந்தது, மாமா. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். 22 வருஷமாக என்னை யாருமே ஃபெயில் போடவில்லை. ஏனென்றால் என்னை யாருமே பரீட்சை எழுதச் சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் மறுபடி எழுதப் போகிறேன்."

இன்றைக்கும் அடுத்த வீட்டில் இரவு பதினொரு மணிக்கு விளக்கு எரிகிறது. நாங்கள்தான் இப்போது டெலிவிஷன் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்கிறோம்.