ஒரு குரலும் ஒரு கிதாரும்

முதுமை எய்திய கலைஞனைக் குறித்து உலகம் கூறும் தீர்ப்புப் பெரும்பாலும் ஒன்றே. அவன் காலம் கழிந்தது என்பதே அது. அத்தீர்ப்பு எத்துணை அவசரமானது என்பதற்கு, ஜானி காஷ் என்னும் அமெரிக்கப் பாடகர் 1994-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' என்னும் இசைத்தொகுதி தக்க சான்றாகும். அதன் இயல்பையும் ஆற்றலையும் ஈண்டுச் சுருங்க விளக்கப் புகுகின்றோம்.

காஷ் 1932-இல் ஆர்க்கன்ஸா மாகாணத்தில் ஏழை உழவர் குடியிற் பிறந்தவர்; பருத்தி வயலில் உழைத்து, ஞானப்பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். எளிய மக்களின் இன்பதுன்பங்களைக் கதையாகப் பாடும் 'கண்ட்ரி' என்னும் இசைவகையில் 1955 முதற் பெயர்பெற்றார். 1968-இல் கலிபோர்னியாவிலுள்ள ஃபால்ஸம் சிறைச்சாலையிற் கைதிகள் முன்னிலையிற் பாடியது அவர் புகழை எங்கும் பரப்பிற்று. ஆயினும் புகழ் நிலையாதன்றோ! ஏறத்தாழ 28 ஆண்டுகள் அவர் பாட்டுகளை வெளியிட்டுவந்த கொலம்பியா நிறுவனம் 1986-இல் அவரைக் கைவிட்டது.

பின்னர் ரிக் ரூபின் என்பார் அவரை நாடினார். ரூபின் வயதில் இளையவர். முற்றிலும் வேறான இசைவகைகளைப் பதிவுசெய்து பெயர்பெற்றவர். அவர் புதுமை எதனையும் புகுத்தினாரல்லர், உள்ளவற்றை நீக்கினார். முரசில்லை, துணைக்குரலில்லை, வேறு வாத்தியமுமில்லை. காஷ் தம் கிதாரை ஏந்தித் தனித்துப் பாடினார். பதின்மூன்று பாட்டுகளுள் இரண்டு அவையோர் முன்னிலையிற் பதிவாயின. ஏனையவை ரூபினுடைய இல்லத்திலும் காஷின் மரக்குடிலிலும் பதிவாயின.

இவ்வெறுமை வறுமையன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று என்போம். பல கருவிகள் முழங்குமிடத்துக் குரலின் தளர்ச்சி மறைந்துவிடும். இங்கோ மறைவிடமே இல்லை. மூச்சும் நடுக்கமும் செவிப்படுகின்றன. அறுபதைக் கடந்தவரின் அக்குரலில், குறையே வாழ்ந்தறிந்தமைக்குச் சான்றாகிறது. தண்டியலங்காரம் பொருளணிகளுள் தன்மையணியை முதற்கண் வைத்தது. உள்ளதை உள்ளவாறு உரைத்தலும் ஓர் அணியே என்பது அதனால் விளங்கும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. தொகுதியின் முதற்பாட்டுக் கொலைசெய்தவன் கூற்று. பின்வரும் ஒரு பாட்டுச் சிலுவையின் இரத்தத்தால் வரும் மீட்பைப் பாடுவது. இரண்டையும் ஒரே குரல், ஒரே அமைதியோடு பாடுகின்றது. மயக்கமருந்துப் பழக்கத்தால் வீழ்ந்தெழுந்தவர் காஷ். ஆதலின் அவர் வாயில் மீட்பு என்னும் சொல் வெற்றுரையாகவில்லை.

அத்தொகுதி 1995-இல் கிராமி விருது பெற்றது. அதன் வரிசையில் நான்காவது 2002-இல் வெளிவந்தது. 2003 செப்டம்பரில், 71-ஆம் வயதில், காஷ் மறைந்தார். இறுதித் திங்கள்களிலும் அவர் பாடுதலை விடவில்லை.

எழுதப் பழகும் நாம் சொல்லணிகளை விரும்பிச் சேர்க்கின்றோம். அவற்றையெல்லாம் களைந்தபின் நம்மிடம் எஞ்சுவது யாது? இவ்வினாவை அம்முதியவர் அஞ்சாது ஏற்றார், நாமும் ஏற்போமாக.