பெயரில் மிஞ்சிய கிராமம்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். 290 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது குவோக்கோ டவர். இங்கே ஒரு காலத்தில் மீனவக் கிராமம் இருந்தது என்றால் நம்ப மனம் வராது. அதற்குப் பெயரே சாட்சி நேயர்களே! மலாய் மொழியில் தஞ்சோங் என்றால் கடல்முனை, பகார் என்றால் வேலி. கடலில் மரக்கழிகளை வரிசையாக ஊன்றி, மீன் போகும் வழியை மறித்துப் பிடிப்பார்களே, கேலோங், அந்தக் கழிவேலியால் வந்த பெயர் என்பார்கள். இன்னொரு கதையும் உண்டு. கரையில் பாய்ந்து ஆட்களைக் குத்திய வாள்மீன்களைத் தடுக்க, வாழைத்தண்டுகளை வேலியாக நிறுத்தச் சொன்னானாம் ஒரு சிறுவன். எனக்குப் பிடித்தது இந்தக் கதைதான்.

1864ல் இங்கே கப்பல்துறை நிறுவனம் வந்தது. மூட்டை தூக்க நம் தமிழர்களும் வந்தார்கள். கடலைத் தூர்த்தார்கள், கரை தள்ளிப்போனது. இப்படிப் பெயரில் மிஞ்சியது இன்னொன்றும் உண்டு. பக்கத்தில் கியோங் சைக் சாலையில் இருக்கும் லயன் சித்தி விநாயகரைக் கும்பிட்டிருப்பீர்கள். அந்த ‘லயன்’ சிங்கம் அல்ல. சிப்பாய்கள் தங்கியிருந்த ‘சிப்பாய் லைன்ஸ்’, நம்மவர் வாயில் லயன் ஆகிவிட்டது.