வலைத்தளமும் அரங்கேற்றமும்

பிறர் முகத்தில் உள்ள சிறு மறுவையும் எளிதிற் காணும் கண், தன் இமையில் ஒட்டிய தூசியைக் காணாது. ஒரு பொருளைப் படைப்பவர் நிலையும் இத்தகையதே. பல நாள் முயன்று ஒன்றைச் செய்தவர் அதன் ஒவ்வொரு பகுதியையும் நன்கு அறிவர். அவ்வாறு அறிந்திருப்பதனாலேயே, அதனை முதன்முதலாகக் காண்பவர் எங்கே இடறுவர் என்பது அவருக்குப் புலப்படுவதில்லை.

இவ்வுண்மையை உணர்ந்த தமிழ்ச் சான்றோர், புதிய நூல்களை அறிஞர் அவையில் அரங்கேற்றும் வழக்கத்தை மேற்கொண்டனர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அந்நூலின் சிறப்புப் பாயிரம் உரைக்கின்றது. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தைச் சிதம்பரத்தில், ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. அரங்கேற்றத்தின்போது கற்றோர் வினா எழுப்புவர். நூலாசிரியர் விடை கூறுவர். நூலை ஆராய்வதற்குரிய அளவுகோல்களும் அக்காலத்தே இருந்தன. பவணந்தி முனிவர் தம் நன்னூலில் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்றும், அழகுகள் பத்து என்றும் வகுத்துள்ளார். வேண்டியதைக் குறைத்துச் சொல்வது, வேண்டாததை மிகுத்துச் சொல்வது, சொன்னதையே திரும்பச் சொல்வது, படிப்போரை மயங்க வைப்பது ஆகியவை அக்குற்றங்களுட் சில. குற்றத்தோடு அழகையும் அவர் எண்ணி வைத்தது நினைக்கத்தக்கது. குறையும் நிறையும் ஒருங்கே காண்பதுதான் நடுநிலையான ஆய்வு.

ஓலையில் எழுதிய காலம் மாறி, அச்சு வந்தது; அச்சுக்குப் பின் இணையம் வந்தது. இன்று செய்திகள் பலவும் வலைத்தளங்கள் வாயிலாக மக்களைச் சென்று அடைகின்றன. வலைத்தளம் என்பது எழுத்து, படம், நிறம், இணைப்பு முதலியவற்றால் அமைந்த பக்கங்களின் தொகுதி. அதனைக் காண்பவர் நெடுந்தொலைவில் இருப்பர். ஐயம் எழுந்தால் அமைத்தவரைக் கேட்க அவரால் இயலாது. ஆதலின், வெளியிடுவதற்கு முன்னரே பிறரிடம் காட்டி, அவர்தம் கருத்தை அறிந்து திருத்துவது இன்றியமையாதது. இதனை வலைத்தளத்தின் அரங்கேற்றம் எனலாம்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். கடலூர் நகரின் ஒரு பகுதி மஞ்சக்குப்பம். கெடிலமும் தென்பெண்ணையும் கடலொடு கலக்கும் ஊர் கடலூர். ஆற்று வெள்ளமும் கடற்புயலும் இப்பகுதி மக்களுக்குப் புதியன அல்ல. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் பெருமழையால் ஊர்கள் பல நீரில் மூழ்கின. இத்தகைய இடத்தில் வாழும் பள்ளி மாணவர் சிலர், புயற்காலத்தில் மக்களுக்கு உதவும் வலைத்தளம் ஒன்றை அமைப்பதாகக் கொள்ளலாம். அவர்கள் முகப்பில் கடலின் அழகிய படம் ஒன்றை வைக்கின்றனர். அதன்மீது வெளிர்நீல எழுத்தில் வரவேற்புரை எழுதுகின்றனர். பாதுகாப்பு இடங்களின் பட்டியல் நான்காம் பக்கத்தில் உள்ளது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண்ணாகிய 1077, பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கின்றது.

இதனைக் கண்ட ஒருவர், “மிக நன்று” என்கின்றார். மற்றொருவர், “எனக்குப் பிடிக்கவில்லை” என்கின்றார். முன்னவர் சொல் மகிழ்ச்சி தருகின்றது. பின்னவர் சொல் வருத்தம் தருகின்றது. ஆனால் இவ்விரண்டு சொற்களாலும் வலைத்தளத்தில் ஓர் எழுத்தும் மாறப்போவதில்லை. மூன்றாமவர் கைப்பேசியில் அதனைப் பார்த்துவிட்டுக் கூறுகின்றார்: “கடற்படம் ஊருக்குப் பொருத்தமாக உள்ளது. ஆனால் அதன்மீது உள்ள வெளிர்நீல எழுத்தை வெயிலில் என்னால் படிக்க முடியவில்லை. பாதுகாப்பு இடத்தைத் தேடினேன். நான்கு பக்கங்களைக் கடந்த பின்னரே அது கிடைத்தது. புயல் நெருங்கும் வேளையில் அத்தனை பொறுமை எவர்க்கும் இராது. 1077 என்னும் எண் முகப்பின் தலையில் இருந்தால், பதற்றத்தில் உள்ளவரும் உடனே காண்பர்.”

மூன்றாமவர் கூற்றே பயனுள்ள கருத்துரை. அது வலைத்தளத்தின் நோக்கத்தை மனத்திற் கொண்டது. குறை எங்கே உள்ளது, அதனால் யாருக்கு என்ன இடர் நேரும் என்பவற்றை அது விளக்குகின்றது. நிறையையும் மறவாமல் கூறுகின்றது. அமைத்தவரைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. அமைப்பைப் பற்றியே பேசுகின்றது.

கருத்துரைப்போர் தம் விருப்பத்தையும் அமைப்பின் குறையையும் பிரித்தறிய வேண்டும். “நீலத்தினும் பச்சையே சிறந்தது” என்பது ஒருவரது விருப்பம். “எழுத்தின் நிறமும் பின்னணியின் நிறமும் ஒன்றோடொன்று கலந்து தோன்றுகின்றன” என்பது குறை. இதனை அளந்தே அறியலாம். உலகளாவிய வலை அமைப்பினர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை, வழக்கமான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்த அளவு 4.5க்கு 1 என்னும் ஒளி வேறுபாடு வேண்டும் என்கின்றது. பார்வையற்றோர்க்குத் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. படத்திற்குள் எழுதப்பட்ட தொலைபேசி எண்ணை அவை படிக்கத் தவறக்கூடும். ஆதலின் அவ்வெண் எழுத்தாகவே அமைய வேண்டும். மேலும், குறைகள் பல இருப்பின், உயிர்க்கு உதவும் செய்தியை மறைக்கும் பெருங்குறையை முதலிற் கூறி, எழுத்துப்பிழை போன்றவற்றைப் பின்னர்க் கூறுதல் முறை.

கருத்துக் கேட்போருக்கும் கடமைகள் உண்டு. “எப்படி இருக்கின்றது?” என்று பொதுவாக வினவினால், “நன்றாக இருக்கின்றது” என்னும் பொதுவான விடையே வரும். “மஞ்சக்குப்பத்திற்கு அருகில் உள்ள பாதுகாப்பு இடத்தைக் கண்டுபிடியுங்கள்” என்று ஒரு செயலைக் கொடுத்துவிட்டு, வாய் பேசாது அருகில் இருந்து பார்ப்பது சிறந்தது. அவர் தயங்கும் இடம், தவறான இணைப்பைத் தொடும் இடம், சலிப்புறும் இடம் ஆகிய அனைத்தும் பாடங்களே. அப்போது குறுக்கிட்டு விளக்கம் கூறலாகாது. வலைத்தளத்தைப் பயன்படுத்துவார் ஒவ்வொருவர் வீட்டிற்கும் சென்று விளக்கம் கூற எவராலும் இயலாதன்றோ? இதற்குப் பெருங்கூட்டமும் தேவையில்லை. பயன்பாட்டாய்வில் வல்லவரான யாக்கோபு நீல்சன், ஐந்து பேரைக் கொண்டு ஆராய்ந்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். மீனவர் ஒருவர், உழவர் ஒருவர், முதியவர் ஒருவர், பார்வையற்றவர் ஒருவர், மாணவர் ஒருவர் என ஐவரை அமர்த்தினால் ஐவகை இடர்களும் தெரியவரும்.

கூறப்பட்ட கருத்துகள் அனைத்தையும் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. இருவர் கருத்து முரண்படின், வலைத்தளத்தின் நோக்கத்திற்கு எது துணை செய்யும் என்று எண்ணித் தெளிய வேண்டும். ஆனால் சினத்தால் ஒன்றைத் தள்ளுவது அறிவுடைமை ஆகாது. செவிக்குக் கைப்பான சொல்லையும் பொறுத்துக் கொள்வது ஆள்வோர்க்குரிய பண்பு என்று வள்ளுவர் கருதினார். படைப்போர்க்கும் அப்பண்பு வேண்டும்.

வலை என்னும் அமைப்பே இத்தகைய பொறுமையால் வளர்ந்தது. 1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், செனீவாவை அடுத்துள்ள ‘செர்ன்’ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய திம் பெர்னர்சு லீ, செய்திகளை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டம் ஒன்றை எழுதித் தம் மேலாளர் மைக் செண்டாலிடம் அளித்தார். அதனைப் படித்த செண்டால், அது தெளிவற்றதாயினும் ஆர்வமூட்டுகின்றது என்னும் கருத்துப்படச் சில சொற்களை அதன் முகப்பில் குறித்தார். குறையும் நிறையும் அச்சிறு குறிப்பில் அடங்கியிருந்தன. பெர்னர்சு லீ மனந்தளரவில்லை. 1990இல் திட்டத்தைத் திருத்தி மீண்டும் அளித்தார். உலகை இணைக்கும் வலை அதிலிருந்து தோன்றியது.

தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. கணினியில் தமிழை எழுதுவதற்குப் பலர் பலவகை விசைப்பலகைகளைப் பயன்படுத்தி இடர்ப்பட்டனர். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டில், பல நாட்டுத் தமிழறிஞரும் கணினி வல்லுநரும் கூடி ஆராய்ந்தனர். அதன் பயனாகத் ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகை உருவாயிற்று. தமிழ்நாட்டு அரசும் அதனை ஏற்றது. ஒருவர் கருத்தைப் பிறர் ஆராய இடந்தந்தமையால் பொது அமைப்பு ஒன்று கிடைத்தது.

மஞ்சக்குப்பத்து மாணவர்களும் மூன்றாமவர் சொல்லைக் கேட்டுத் தம் வலைத்தளத்தைத் திருத்துகின்றனர் எனக் கொள்ளலாம். 1077 முகப்பின் தலையில் ஏறுகின்றது. எழுத்துகள் கருமை பெறுகின்றன. பாதுகாப்பு இடங்கள் முதற்பக்கத்திற்கு வருகின்றன. அழகிய கடற்படம் சிறிதாகி ஒரு மூலைக்குச் செல்கின்றது. அதனை எடுத்த மாணவனுக்குச் சிறிது வருத்தம் இருக்கலாம். ஆனால் மின்விளக்கு அணைந்து, காற்று கதவை மோதும் ஓர் இரவில், கடலோரக் குடிசையில் இருக்கும் தாய் ஒருத்தி கைப்பேசியைக் கையில் எடுப்பாள். அவள் தேடும் எண் அவள் கண்முன்னே இருக்கும். அன்று அம்மாணவனின் வருத்தமும், குறையை எடுத்துரைத்தவரின் துணிவும் ஒருங்கே பயன் பெறும்.