சுழலும் ஈயம்

சிவகங்கைச் சீமையின் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்ட வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இருந்தார். பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். 1801-இல் அதே மருதுவைக் காட்டுக்குள் துரத்திய கம்பெனிப் படையிலும் அவர் இருந்தார். 1830-இல் வெளிவந்த தம் ராணுவ நினைவுக் குறிப்புகளில், கைதேர்ந்தவர் வீசினால் வளரி 100 கஜத்துக்குள் எந்தத் தூரத்திலும் குறி தப்பாது என்று எழுதினார். 100 கஜம் என்பது சுமார் 91 மீட்டர். அவருடைய சிப்பாய்கள் தோளில் சுமந்த மஸ்கட் துப்பாக்கியை நம்பிச் சுடக்கூடிய எல்லையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ராமநாதபுரம் சேதுபதிச் சீமையிலும் சிவகங்கையிலும் மறவர் கையில் இருந்த வளரி, பிறை போல வளைந்த ஓர் ஆயுதம். ஒரு முனை கனமானது. மரத்திலும் இரும்பிலும் யானைத் தந்தத்திலும் செய்தார்கள். தோள் வலிமை மட்டுமே அதன் விசை. மஸ்கட்டிலோ வெடிமருந்தின் விசை. குண்டு புறப்படும் வேகம், வளரியின் வேகத்தைவிடப் பல மடங்கு. அப்படியிருந்தும் இரண்டின் குறியும் ஏன் ஒரே தூரத்தில் தடுமாறின?

இதற்கான விடையை, 1801-க்குச் சுமார் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சோதனை செய்து கண்டுபிடித்திருந்தார். அவர் கடைசியில் வந்து இறந்ததும் நம் கடற்கரையில்தான்.

பெஞ்சமின் ராபின்ஸ் 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த கணித மேதை. ஒரு மரப்பலகையை ஊசலாகத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். குண்டு பதிந்ததும் பலகை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று அளந்தார். அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். அதுவரை குண்டின் வேகத்தை நேரடியாக அளக்க நம்பகமான வழி இல்லை. காற்றின் தடையையும் பொருட்படுத்தத் தேவையில்லை என்றே பலரும் நினைத்திருந்தார்கள். முக்கால் அங்குலக் குண்டு நொடிக்கு 500 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாயும்போது, அதன் எடையைப்போல் சுமார் 120 மடங்கு விசையில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்று ராபின்ஸ் காட்டினார். 1742-இல் வெளியான அவர் நூலை, மாபெரும் கணிதவியலாளர் ஆய்லரே ஜெர்மன் மொழியில் விரிவுரையோடு பெயர்த்தார்.

ராபின்ஸின் இன்னொரு சோதனை இன்னும் அழகானது. துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கம் சற்றே வளைத்துவிட்டு, வரிசையாக நிறுத்திய தாள் திரைகள் வழியே சுட்டார். எதிர்பார்த்தபடி குண்டு முதலில் இடப்பக்கம் போனது. பிறகு, தானாகவே வளைந்து வலப்பக்கம் வந்துவிட்டது! வளைந்த நுனியில் குண்டு குழலின் வலது சுவரை ஒட்டி உருண்டு வந்திருக்கிறது. அந்த உருளலில் கிடைத்த சுழற்சி, காற்றில் அதை வலப்பக்கம் இழுத்திருக்கிறது. நேரான குழலிலும் குண்டு எங்காவது உரசிக்கொண்டுதான் வெளியேறும். எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்ற சுழற்சி. ஒவ்வொரு முறையும் வேறு உரசல், வேறு சுழற்சி, வேறு பாதை. மஸ்கட்டின் நோய் இதுதான்.

1749-இல் கிழக்கிந்திய கம்பெனி ராபின்ஸைத் தன் தலைமைப் பொறியாளராக நியமித்தது. கோட்டைகளைச் சீரமைக்க வந்தவர், 1751 ஜூலை 29 அன்று கடலூர் தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டையில் இறந்தார். இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 1772 ஜூனில், தளபதி ஜோசப் ஸ்மித்தின் படை ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தபோதும், அதன் வீரர்கள் ராபின்ஸ் குறை சொன்ன அதே உருண்டைக் குண்டுகளைத்தான் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

வளரிக்கு இந்த நோய் இல்லை. அதைச் சுழற்றுவது வீசுபவரின் மணிக்கட்டு. எந்த அச்சில் சுழல வேண்டும் என்பதை மனிதக் கை தீர்மானிக்கிறது. சுழலும் பம்பரம் எப்படிச் சாயாமல் நிற்கிறதோ, அப்படியே சுழலும் வளரியும் தன் தளம் மாறாமல் பறக்கிறது. துப்பாக்கிப் படைகள் பெரும்பாலும் கட்டுப்படுத்தாமல் விட்டிருந்த சுழற்சியை, மறவர் பயிற்சியால் வசப்படுத்தியிருந்தார்கள். இதை நம் ஊர் அறிவியல் வரலாற்றில் பெருமையோடு எழுதிவைக்க வேண்டும்.

ஆனாலும் போரில் மஸ்கட் வென்றது. வளரி வீச இளமை முதல் பழக வேண்டும். மஸ்கட் சுடச் சில மாதப் பயிற்சி போதும். வரிசையாக நின்று நூறு பேர் ஒன்றாகச் சுட்டால், தனித்தனிக் குறி தப்பினாலும் எதிரே நிற்பவர்கள் விழுவார்கள். 1801 டிசம்பர் 1 அன்று கம்பெனி வெளியிட்ட பிரகடனம் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது.

மஸ்கட்டின் அந்த நோயைத் தீர்க்க, குண்டைக் குழலுக்கு இறுக்கமாக வார்த்திருந்தால் என்ன? அங்கேதான் வேதியியல் குறுக்கிட்டது. கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடக் கசடாகிவிடும்; அதில் ஒரு பகுதி குழலுக்குள் படியும். ஐந்தாறு முறை சுட்ட பிறகு இறுக்கமான குண்டை வாய்வழியே உள்ளே தள்ள முடியாது. அதனால்தான் 19 மில்லிமீட்டர் குழலுக்கு 17.5 மில்லிமீட்டர் குண்டை வார்த்தார்கள். அந்த இடைவெளிதான் உரசலுக்கும் உருளலுக்கும் இடம் கொடுத்தது. குழலுக்குள் சுருள் பள்ளம் வெட்டிய ரைபிள்கள் அப்போதே உண்டு. ஆனால் பள்ளத்தைக் கவ்வும் அளவுக்கு இறுக்கமான குண்டை அடித்துத் திணிக்க வேண்டும். ஒருமுறை சுட்டு மறுமுறை நிரப்புவதற்குள் எதிரி பக்கத்தில் வந்துவிடுவான்.

நுழையும்போது தளர்வாகவும் வெளியேறும்போது இறுக்கமாகவும் இருக்கும் குண்டு ஒன்று வேண்டும். அதற்கான யோசனை தென்னிந்தியாவில் கிடைத்தது. இங்கே பணியாற்றிய கேப்டன் ஜான் நார்ட்டன், உள்ளூர் மக்களின் ஊதுகுழல் அம்பைக் கவனித்தார். அதன் அடிப்பகுதி தாமரைத் தண்டின் நெட்டியால் ஆனது. ஊதியதும் விரிந்து குழலை அடைத்துக்கொண்டது. 1823 வாக்கில் அவர், அடியில் குழிவுள்ள கூம்பு வடிவ ஈயக் குண்டை உருவாக்கினார். வெடிவாயு குழிவுக்குள் புகுந்து ஈயத்தை விரிக்கும். விரிந்த ஈயம் பள்ளங்களைக் கவ்விச் சுழலும். பிரிட்டிஷ் அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. 1849-இல் பிரான்சின் மினியே அதே தத்துவத்தில் செய்த குண்டுதான் உலகெங்கும் பரவியது. பிரிட்டன் 1853-இல் கொண்டுவந்த என்ஃபீல்டு ரைபிளில் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் மூன்று பள்ளங்கள் வெட்டியிருந்தார்கள். அதன் தோட்டாவில் தடவிய கொழுப்புதான் 1857 கிளர்ச்சியின் பொறிகளில் ஒன்று.

இதற்கெல்லாம் ஈயமே பொருந்தியதற்குக் காரணம் உண்டு. 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்; விறகு அடுப்பே போதும். நீரைப்போல் 11 மடங்குக்கும் மேல் அடர்த்தி என்பதால், சிறிய உருவத்தில் அதிக எடை அடங்கும். காற்றை எதிர்த்து வேகத்தைக் காத்துக்கொள்ளும். விரிந்து கொடுக்கும் மென்மையும் உண்டு. ஆனால் உறையும்போது ஈயம் சுருங்கும். அச்சை நிரப்பும் வேகம் பிசகினால் உள்ளே வெற்றிடம் விழும். எடையின் மையம் விலகும். சுழலச் சுழலக் குண்டு தள்ளாடும்.

1880-களில் புகையில்லா மருந்து வந்து வேகம் வெகுவாகக் கூடியபோது, தூய ஈயம் பள்ளத்தைக் கவ்வ முடியாமல் வழுக்கியது. குழலெங்கும் ஈயம் அப்பியது. ராணுவங்கள் செம்புக் கலவை உறைக்கு மாறின.

வெளிநாடுகளில் உரிமம் பெற்ற பொழுதுபோக்குச் சுடுநர்கள் இன்னும் ஈயம் வார்க்கிறார்கள். பெருங்குழல் கொண்ட அரைத்தானியங்கி ரைபிள்தான் அவர்களுக்குக் கடினமான தேர்வு. தோட்டாவை எந்திரமே உள்ளே தள்ளுவதால், முனை எங்கும் இடறாதபடி உருண்டிருக்க வேண்டும். அடிபட்டு நசுங்கவும் கூடாது. சில வகைகளில் வெடிவாயுவின் ஒரு பகுதி சிறு துளை வழியே போய் எந்திரத்தை இயக்குகிறது. உருகிய ஈயம் அந்தத் துளையில் படிந்தால் துப்பாக்கி நின்றுவிடும். அதனால் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து ஈயத்தைக் கடினமாக்குகிறார்கள். கடினம் மிகுந்தால் குண்டு விரியாது. வாயு பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை அரிக்கும். அதைத் தடுக்க, நார்ட்டன் குழிவு வைத்த அதே அடிப்பகுதியில் இப்போது மெல்லிய செம்புக் கிண்ணம் ஒன்றைப் பொருத்துகிறார்கள்.