அழிப்பும் வாசிப்பும்

'எக்ஸ்பஞ்ச்' என்கிற ஆங்கிலச் சொல்லை நாம் 'அழித்தல்' என்று பெயர்த்துவிடுகிறோம். அதன் லத்தீன் மூலத்துக்குப் புள்ளி குத்துதல் என்று பொருள். இடைக்கால ஐரோப்பாவில் சுவடி எழுதியவர்கள் பிழையான எழுத்தைச் சுரண்டாமல் அதன் கீழே ஒரு புள்ளி வைத்துவிடுவதும் உண்டு. எழுத்து அப்படியே இருக்கும். வாசிக்கிறவன்தான் தாண்டிப் போக வேண்டும். அமெரிக்காவில் குற்றப் பதிவுகள் 'அழிக்கப்படுவது' பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் என்று எனக்குப் படுகிறது.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடும். பென்சில்வேனியா 2018இல் இயற்றிய சட்டப்படி, தகுதியுள்ள பதிவுகள் மனு இல்லாமலே மூடப்படுகின்றன. மூடியதைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. போலீஸ் பார்க்கலாம்.

கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 1203.4ஆம் பிரிவைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். நன்னடத்தைக் காலத்தை ஒழுங்காக முடித்தவர் மனுச் செய்கிறார். ஒப்புக்கொண்ட குற்றத்தைத் திரும்பப் பெற்று 'குற்றவாளி அல்ல' என்கிறார். நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்கிறது. தனியார் முதலாளி இனிப் பொதுவாக அதைக் கேட்கக் கூடாது. சரி, அழிச்சாச்சு என்றுதானே நினைப்போம்? பொதுப் பதவிக்கு விண்ணப்பித்தால் அந்தத் தண்டனையைச் சொல்லியாக வேண்டும். மாநில லாட்டரி ஆணையத்தோடு ஒப்பந்தம் போடுவதானாலும் அப்படியே. (லாட்டரிச் சீட்டுக்கு எவ்வளவு புனிதம் பாருங்கள்!) மறுபடி ஒரு வழக்கு வந்தால் பழைய தண்டனை எழுந்து வந்து கணக்கில் சேரும். குடியுரிமை இல்லாதவர் பாடு இன்னும் மோசம். மாநிலம் இப்படித் துடைத்துவிட்டாலும் நாடுகடத்தலுக்கு அது தண்டனையாகவே நிற்கும் என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 1999இல் தீர்ப்பளித்தது.

ஹைடெக்கரிடமிருந்து தெரிதா எடுத்துக்கொண்ட உத்தி ஒன்று உண்டு: சொல்லை அடித்துவிட்டு, அடித்த சொல் தெரியும்படியே அச்சிடுவது. நம் ஆட்கள் இதை மொழியின் விளையாட்டாகவே பேசித் தீர்த்துவிட்டார்கள். இங்கே அடிப்பதும் அரசு, அடித்ததை வாசிப்பதும் அரசு. கரும்புள்ளி செம்புள்ளி குத்தி ஊர்வலம் விட்ட காலத்தில் ஊரே பார்த்தது. இந்தப் புள்ளி ஊருக்குத் தெரியாது, அலுவலகத்துக்கு மட்டும் தெரியும். பொதுப் பதவிக்கு வருகிறவரின் பழைய வழக்கைப் பார்ப்பதில் நியாயம் உண்டு என்பார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அப்போது அதற்கு 'மறைப்பு' என்றல்லவா பெயர் வைத்திருக்க வேண்டும்? பதிவுக்கு உரியவன் மறக்கவும் முடியாது. முதலாளி கேட்டால் 'இல்லை', அரசு கேட்டால் 'ஆமாம்' என்று இரண்டு பதிலையும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்க வேண்டியவன் அவன்தான்.