‘தற்காப்புக்குத்தான் வைத்திருந்தேன்’ என்றால் சட்டம் என்ன சொல்லும்?

சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும் மகளின் பையில், கடைசி நேரத்தில் அம்மா ஒரு சிறிய மிளகுத் தெளிப்பானைச் செருகி அனுப்புவது உண்டு. இரவு வேலை முடிந்து தனியாக வரும் பெண், கையில் ஏதாவது இருக்கட்டுமே என்ற எண்ணம்தான். இந்தியாவில் அது கடையிலும் இணையத்திலும் சாதாரணமாகக் கிடைக்கிறது. சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்.

மிளகுத் தெளிப்பான், மின்னதிர்ச்சிக் கருவி, காற்றழுத்தத் துப்பாக்கி, துப்பாக்கி வடிவில் செய்த சிகரெட் லைட்டர் என்று இந்தப் பட்டியல் பலர் நினைப்பதைவிட நீளமானது. துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைக்கலாம். ஆனால், ‘துப்பாக்கி’ என்று சட்டம் எதைச் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1973ல் இயற்றப்பட்ட ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி, குண்டோ வேறு எறிபொருளோ பாய்ச்சக்கூடிய எந்த வகைத் துப்பாக்கியும் ஆயுதம்தான். காற்றழுத்தத் துப்பாக்கியும் அதில் சேரும். தீங்கான திரவம், தீப்பிழம்பு, புகை ஆகியவற்றை வெளியேற்றும் கைத்துப்பாக்கியும் சேரும். முக்கியமாக, அவற்றின் எந்த உதிரிபாகமும் சேரும். முழுத் துப்பாக்கி கையில் இருக்க வேண்டும் என்பதில்லை.

சட்டவிரோதமாக வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டாலோ சுட முயன்றாலோ மரண தண்டனை. குண்டு யார் மீதும் படவில்லை என்பது இங்கே விடுதலை தராது. சுட்டவர் காயப்படுத்தும் நோக்கத்தோடுதான் சுட்டார் என்று சட்டம் முதலில் அனுமானிக்கிறது. அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு சுட்டவர் தலையில்.

‘தான் சோய் ஜின்’ வழக்கு பலருக்கு நினைவிருக்கும். ‘ஒற்றைக்கண் டிராகன்’ என்று அறியப்பட்ட அவர், 2006 பிப்ரவரியில் சிராங்கூன் வட்டாரத்து வீடு ஒன்றில் இரவு விடுதி உரிமையாளரைக் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். நீதிமன்றத்தில் விபத்து என்றார், போதையில் இருந்தேன் என்றார், தற்காப்பு என்றும் வாதிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008ல் எதையும் ஏற்கவில்லை. 2009 ஜனவரியில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. தற்காப்பு உரிமையின் வரம்புகளைப் பற்றிப் பேசும்போது இங்குள்ள வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

அடுத்தது, மாற்றியமைப்பது. பொம்மையையோ காற்றழுத்தத் துப்பாக்கியையோ ‘கொஞ்சம் பலமாக்கி’ வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று காணொளிகளைப் பார்க்கும் இளையர்கள் நினைக்கக்கூடும். 2021 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் முப்பரிமாண அச்சு இயந்திரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. துப்பாக்கி அச்சிடுவதற்கான மின்னிலக்க வரைபடத்தை அனுமதியின்றி வைத்திருப்பதையே அது குற்றமாக்குகிறது. அச்சிட்டிருக்க வேண்டியதுகூட இல்லை. பிள்ளைகளின் கணினியில் என்ன இருக்கிறது என்று பெற்றோர் ஒருமுறை கேட்டுவிடலாம்.

சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும் ஆபத்து சிறியதல்ல. துப்பாக்கிக் குழல் குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாங்கவே செய்யப்படுகிறது. அதைத் தொட்டால் வெடித்துச் சிதறி, முதலில் போவது பிடித்திருப்பவரின் விரலும் கண்ணும். விசையைத் தளர்த்திய துப்பாக்கி கீழே விழுந்தாலே சுடக்கூடும்.

தற்காப்பைக் காரணம் காட்டித் துப்பாக்கி உரிமம் கேட்கலாம் என்ற இந்தியாவிலும் மாற்றியமைக்க இடமில்லை. 1959ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தனி உரிமம் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவதையும் போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக மாற்றுவதையும் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. ஊரில் தாத்தா பெயரில் உரிமத்துடன் வேட்டைத் துப்பாக்கி இருக்கலாம். அதன் தோட்டா ஒன்று பையின் மூலையில் கிடந்து சாங்கி வரை வந்துவிட்டால், ஊர் உரிமம் இங்கே செல்லாது.

இங்கேயே வளர்ந்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தேசிய சேவை செய்த எவரும், சுடும் திடலைவிட்டு வெளியேறும் முன் பைகளைத் திறந்து காட்டி, தோட்டாவோ வெற்று உறையோ தன்னிடம் இல்லை என்று உரக்க அறிவித்திருப்பார். அது வெறும் சடங்கல்ல. நினைவுப்பொருளாக ஒன்றை எடுத்துவந்து மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தால், அது நினைவுப்பொருளாகக் கருதப்படாது.

நம்மவர்கள் அதிகம் சிக்கக்கூடியது கத்தியில்தான். தேக்காவில் வெட்டுக்கத்தி வாங்கி, தாளில் சுற்றி, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது தவறல்ல. சமையற்காரர் தம் கத்தியை வேலையிடத்துக்கு எடுத்துச் செல்வதும் அப்படித்தான். அதே கத்தியை, ‘நேற்று ஒருவன் மிரட்டினான்’ என்று இடுப்பில் செருகி இரவு 11 மணிக்கு டன்லப் ஸ்திரீட்டில் நடந்தால், பொது இடத்தில் சட்டபூர்வ நோக்கமின்றித் தாக்கும் ஆயுதம் வைத்திருந்த குற்றச்சாட்டைச் சந்திக்க நேரிடும். தண்டனை 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி இல்லை. சிறை உண்டு. வெளிநாட்டு ஊழியரென்றால் வேலை அனுமதியும் போய்விடலாம். ஜோகூர்த் தோட்டத்திலிருந்து உறவினரைப் பார்க்க வருபவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே புல்வெட்டும் பாராங், வண்டியின் இருக்கைக்கு அடியில் மறந்து கிடந்தாலும், கடற்பாலம் தாண்டியதும் வேறு பொருளாகப் பார்க்கப்படும்.

அப்படியென்றால் அடி வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதானா? இல்லை. தன் உடலையும் உடைமையையும், பிறர் உடலையும்கூடக் காத்துக்கொள்ளும் உரிமையைத் தண்டனைச் சட்டத் தொகுப்பு தருகிறது. ஆனால் எல்லை உண்டு. காவல்துறையை நாட நியாயமான வாய்ப்பு இருந்தால் அந்த உரிமை எழாது. தேவைக்கு மேல் தாக்கக் கூடாது. உயிருக்கோ பெருங்காயத்துக்கோ ஆபத்து, பாலியல் வன்கொடுமை, கடத்தல் போன்ற கடும் அச்சம் இருந்தால்தான் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குச் செல்லலாம். திடீரென்று தாக்கப்பட்டவர் கைக்கு எட்டிய குடையால் தள்ளிவிட்டுத் தப்பியோடுவது இந்த எல்லைக்குள் வரும். ஓடிப்போனவனை விரட்டிச் சென்று அடிப்பது வராது. அந்த நேரத்தில் எதிராளி ஏற்படுத்திய ஆபத்து முடிந்துவிட்டது.

முன்கூட்டியே ஆயுதத்தைத் தயார் செய்துகொண்டு கிளம்பியவர், ‘திடீரென்று நடந்தது’ என்று சொன்னால் நீதிமன்றம் நம்புவது கடினம்.

மிரட்டல் வந்தால் அன்றே காவல்துறையில் புகார் கொடுத்துவிடுவது நல்லது. தேதியும் விவரமும் பதிவில் இருப்பது பின்னால் உதவும். அவசரத்துக்கு 999. பேச முடியாத நிலையில் 70999 எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். தங்குவிடுதி ஊழியர்கள் மேலாளரிடமும் சொல்லி வைக்கலாம். கீச்சென்று ஒலி எழுப்பும் சிறு கருவியோ விசிலோ பையில் இருப்பதில் தடையில்லை.

ஏற்கெனவே வீட்டில் பழைய தோட்டாவோ, ஊரிலிருந்து வந்த தெளிப்பானோ இருந்தால் குப்பைக் குழாயில் போட வேண்டாம், இன்னொருவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். அருகிலுள்ள அக்கம்பக்கக் காவல் நிலையத்தை முதலில் தொலைபேசியில் அழைத்து, என்ன பொருள், எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து போகாதீர்கள்.